கயிறு இல்லாமல் எப்படி வரும்?

வணக்கம். ஆவணப்படம் எடுத்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அதில் நான் சொதப்பிய இடத்தை மட்டும் சொல்கிறேன், மீதியைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களோடு தொடங்கினோம். அங்கே சிரமமே இல்லை. சுவரில் இருக்கும் சேதுபதி மன்னர் எங்கேயும் போய்விட மாட்டார். வெளிச்சம் சரியில்லையென்றால் மறுநாள் வரலாம்.

அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரை எடுக்காமல் யார்தான் திரும்புகிறார்கள்? நாங்களும் எடுத்தோம். ஆனால் போனது அம்பாவுக்காக. வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு அது.

ஒரு பெரியவரை வள்ளத்து ஓரமாக உட்காரவைத்து, சட்டையில் மைக் குத்தி, "ஐயா, ஒரு அம்பா பாடுங்க" என்றேன். இரண்டு வரி பாடினார். நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினார், மறுபடி நின்றது. "கையில கயிறு இல்லாம எப்படி வரும் தம்பி?"

மறுநாள் விடியலில் கரைவலை. வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கிறது. நேற்று திணறிய அதே பெரியவர்தான் அடி எடுத்துக் கொடுக்கிறார்; மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்கிறார்கள். சாய்ந்து நிமிர எவ்வளவு நேரமோ, ஒரு வரி அவ்வளவு நீளம். மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரையை நெருங்க நெருங்க வரி குறுகுகிறது. கடைசியில் சொல்லே இல்லை, வெறும் மூச்சு. சூடை, காரல் மீன்களை மணலில் கொட்டியதும் பாட்டு சட்டென்று அறுந்து, விலை பேச்சு தொடங்கிவிட்டது.

நான் பூரித்துப்போய்விட்டேன். மைக்குக்கு மாட்டுகிற காற்றுத் தடுப்பு உறை லாட்ஜிலேயே கிடக்கிறது என்பது அப்போது நினைவில் இல்லை. அங்கே அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், அலை சீறும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். நாங்கள் நின்றது ஆண்கடல் கரையில். போட்டுக் கேட்டால் ஒரே காற்று, அலை. இடையில் எங்கேயோ பாட்டு.

சரி, என்ன செய்வது? பெரியவரை லாட்ஜ் அறைக்கே அழைத்து வந்தோம். கையில் ஒரு நைலான் கயிற்றைக் கொடுத்தோம். மறுமுனையை எங்கள் ஒளிப்பதிவாளர் பிடித்துக்கொண்டு, விடாமல் எதிர்த்து இழுத்தார். பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு காலை ஊன்றினார், பாடினார்.

படத்தில் கடல் தெரியும்போது நீங்கள் கேட்கப்போவது அந்தக் குரல்தான். காது கொடுத்துக் கேட்டால் லாட்ஜ் மின்விசிறியும் கேட்கும்.