பாடகரின் கை தெரியாத மேடை

வணக்கம். இன்றைக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. மிருதங்கம் பக்கத்தில்தான் இருக்கிறது, உறையைக்கூடக் கழற்றவில்லை.

போன வீடியோவுக்கு நிறைய பேர், "கண் போனால் என்ன அண்ணே, காது இரண்டு மடங்கு கூர்மையாகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை நோய், பரம்பரையாக வருவது. முதலில் இரவுப் பார்வை மங்கியது, அப்புறம் ஓரங்கள் குறுகிக்கொண்டே வந்தன. சரி, மருத்துவம் போதும்.

பக்கவாத்தியம் வாசிப்பவருக்குக் காது மட்டும் போதாது. பாடகர் தொடையில் தாளம் போடும் கையைப் பார்த்துக்கொண்டே இருப்போம். ச ரி க ம என்று மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தை எங்கே முடிக்கப் போகிறார் என்பது குரலுக்கு முன்னால் புருவத்தில் வந்துவிடும். ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிப்போமே, அந்தத் தீர்மானம் சரியாக எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தால் பாடகர், வயலின்காரர், நான், மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். அரை வினாடிதான். நான் இழந்தது அதைத்தான். சத்தமில்லாத சிரிப்பைக் காது எப்படிக் கேட்கும்?

இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்ததும் ஒரு ஏற்பாட்டாளர், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று என் இடத்தில் வேறு ஒருவரைப் போட்டார். அன்றிரவு சிங்கப்பூர் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில், தரையில் மேடாக இருக்குமே அந்த வழிகாட்டிக் கோடு, அதை முதல்முறையாகக் காலால் தேடினேன். கிடைத்ததும் அதன் மேலேயே நின்றுவிட்டேன். எத்தனை ரயில் போனது என்று தெரியாது.

ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹாண்டலைப் பற்றிப் போனில் வாசிக்க வைத்துக் கேட்டேன். 1751 பிப்ரவரி 13 அன்று, எழுதிக்கொண்டிருந்த சேர்ந்திசையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இடது கண் தளர்ந்ததால் மேலே தொடர முடியவில்லை என்று அந்தத் தாளிலேயே குறித்து வைத்திருக்கிறார். பார்வை போன பிறகும் ஆர்கன் வாசித்தார் என்பதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் குறிப்புதான் பெரிது. முடியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

இப்போது வயலின் வாசிக்கும் ஒரு தங்கையோடு வீட்டில் சேர்ந்து வாசிக்கிறேன். தீர்மானம் சரியாக விழுந்தால் "ம்ம்" என்று மெதுவாகச் சொல்கிறாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. முதல் நாள் அதைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

நாளை சாயங்காலம் மறுபடி வருகிறாள். மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது இடது பக்கத் தோலில் ஒட்ட, ரவை பிசைந்து வைக்க வேண்டும்.