காவடி முடிந்த மூன்றாம் நாள் ஏறிய 1.9 கிலோ

வணக்கம் மக்களே. மொரீஷியஸ் ரோஸ் ஹில் வீட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் மழைச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காலையிலிருந்து விடவில்லை. இன்றைக்குச் சமையல் வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். விரதம் முடிந்ததும் எடை திடீரென்று ஏறியதைப் பற்றி முதலில் பேசியே ஆக வேண்டும்.

காவடி முடிந்த மூன்றாம் நாள் காலையில் என் நாத்தனார் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அண்ணி, பத்து நாள் விரதமிருந்து குறைத்ததெல்லாம் திரும்ப வந்துவிட்டது. இனிமேல் மதியச் சாப்பாடே வேண்டாம் எனக்கு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் அல்ல, அந்த எண்ணின் மேல். ஏனென்றால் அன்று காலையில் எனக்கும் அதேதான் நடந்திருந்தது. காவடியன்று என் எடை 71.4 கிலோ. மூன்றாம் நாள் 73.3. முழுசாக 1.9 கிலோ. உடனே கேமராவை எடுத்தேன். அப்புறம், இது எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டே பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் எடை மெஷின் கதையைச் சொல்ல வேண்டும். அன்று முதலில் ஏறியபோது 74.1 காட்டியது. இறங்கி ஏறினால் 72.6. மறுபடியும் ஏறினால் வேறொன்று. பேட்டரி போயிருக்கிறது! அந்த வட்டப் பேட்டரி, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், பக்கத்துக் கடையில் ஒன்று 90 ரூபாய் என்றார்கள். மெஷினே 895 ரூபாய்க்கு வாங்கியது. பத்தில் ஒரு பங்கை ஒரு பேட்டரிக்குக் கொடுப்பேனா? மழையில் நனைந்துகொண்டே சந்தைப் பக்கம் நடந்தேன். அங்கே அதே பேட்டரி 55 ரூபாய். இரண்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து போட்டதும் மூன்று தடவையும் 73.3. அதோடு விடவில்லை. பிரிக்காத 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். 83.4. பை எடையையும் சேர்த்தால் சரிதான். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! மெஷினை நம்பலாம் என்று தெரிந்த பிறகுதான் மற்றதை யோசிக்கவே முடிந்தது. நீங்களும் செய்து பாருங்கள். இன்னொன்று, மெஷினைக் கம்பளத்தின் மேல் வைக்காதீர்கள். தரை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும்.

சரி, 1.9 கிலோ. இது கொழுப்பாக இருக்க முடியுமா? ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. அப்படியானால் 1.9 கிலோவுக்கு 14,600க்கு மேல். ஒரு தட்டுச் சோறும் கறிகளும் 700 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேலே இருபது தட்டு நான் சாப்பிட்டிருக்க வேண்டும். ஏழு கறிச் சாப்பாடு எனக்கு உயிர், அது உங்களுக்கே தெரியும். ஆனாலும் இருபது தட்டு யாராலும் முடியாது.

அப்படியென்றால் அது என்ன? பெரும்பாலும் தண்ணீர். விரத நாட்களில் நான் ஒரு வேளைதான் சோறு சாப்பிட்டேன். நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேர்த்து வைக்கின்றன. பெரியவர்களுக்கு மொத்தம் 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் தங்கும். சோறு குறைந்தால் கிளைக்கோஜன் கரையும், கூடவே அந்தத் தண்ணீரும் போய்விடும். முதல் வாரத்தில் சடசடவென்று இறங்குவதில் ஒரு பெரிய பங்கு இதுதான். காவடியன்று வாழை இலையில் சோறும் ஏழு கறியும் வடையும் சாப்பிட்டபோது அந்தக் கிடங்கு மறுபடியும் நிரம்பியது. 300 கிராம் நிரம்பினாலே தண்ணீரோடு சேர்த்து 1.2 கிலோ ஆகிவிடுகிறது.

அப்புறம் உப்பு. அச்சாரை, அதாவது ஊறுகாயை, மற்றவர்கள் ஒரு கை எடுத்தால் நான் இரண்டு கை எடுப்பேன், அதை மறைப்பதற்கில்லை. உப்பு கூடினால் உடம்பு அதற்கேற்ற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் என்ற உப்புநீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் உடம்பும் வைத்துக்கொள்கிறது. கூடுதல் உப்பைச் சிறுநீரகம் வெளியேற்ற ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், படிகள்! கத்ர் போர்ன் மலைக் கோவிலுக்குத்தான் இந்த வருஷமும் காவடி எடுத்தோம். வெறுங்காலோடு, உச்சி வெயிலில், தோளில் காவடி. செம்பில் இருந்த பால் மேலே போகும் வரை திரியவில்லை. அந்தப் பாலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு உட்கார எழுந்திருக்க முடியவில்லை. பழக்கமில்லாமல் ஏறி இறங்கும்போது, அதுவும் இறங்கும்போது, தசை நார்களில் நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. அவை ஆறுவதற்காக அங்கே நீர் கோக்கிறது. புதிதாக உடற்பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில் எடை ஏறுகிறதே என்று எனக்கு எழுதுகிறீர்களே, காரணம் பெரும்பாலும் இதுதான். தயவுசெய்து அதற்காக நடப்பதை நிறுத்தாதீர்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கு கணக்கு தனி. அதற்கு முந்தைய நாட்களில் பலருக்கு ஒரு கிலோ, சிலருக்கு அதற்கும் மேலே நீர் தங்கும். அதனால் இந்த வார எடையைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதம் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். என் நோட்டில் அந்த நாட்களுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கிறேன். இதை நாத்தனாருக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அண்ணி, எனக்கும் அந்த வாரம்தான்" என்றாள்.

எடை பார்க்கும் முறை பழைய வீடியோக்களில் சொன்னதுதான். காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, தண்ணீர்கூடக் குடிக்கும் முன். அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிமிஷமே அரைக் கிலோ கூடும். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுக்கிறேன். அந்தச் சராசரியைத்தான் எடையென்று நம்புகிறேன். தனித்தனி நாளின் எண்ணை நான் நம்புவதேயில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. என் மாமியாருக்கு இதயம் பலவீனம். அத்தையும் தினமும் எடை பார்க்கிறார், ஆனால் காரணம் வேறு. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அங்கேயும் ஏறுவது தண்ணீர்தான். ஆனால் அது இதயம் திணறுவதால் சேர்கிற தண்ணீர். கால் வீங்கினாலோ படுத்தால் மூச்சு வாங்கினாலோ என் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது, எடை ஒரே இடத்தில் நின்றுவிடுவதைப் பற்றி. போன ஜூலையில் நான் 76 கிலோவில் ஐந்து வாரம் நின்றேனே, நினைவிருக்கிறதா? அந்தக் குளிரில் அழுதுகொண்டே போட்ட வீடியோ. இரண்டு விஷயம் நடந்திருந்தது. ஒன்று, உடம்பு சிறுத்தால் அதன் செலவும் குறையும். 84 கிலோவில் எனக்குப் போதாத சாப்பாடு, 76இல் சரியாகப் போதும் என்று ஆகிவிட்டது. உடம்பு கூடுதலாகவும் சிக்கனம் பிடிக்கும். அமெரிக்காவில் டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவு. அதனால்தான் வேகமாகக் குறைக்கும் திட்டங்கள் எனக்கு அறவே பிடிக்காது.

இரண்டாவது, எண்ணெய். நான் கை அளவில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒருநாள் கரண்டியால் அளந்து ஊற்றினால், நான் ஒன்று என்று நினைத்தது மூன்று. எத்தனை குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியை அவர்கள் கணக்கில் சொல்லவே இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் எண்ணெய் போலத்தான் இருந்திருக்கும்.

அந்த ஐந்து வாரத்தில் இன்னொன்றும் நடந்தது, அன்றைக்கு அந்த வீடியோவில் சொல்ல மறந்துவிட்டேன். தையல் டேப்பால் இடுப்பை அளந்தால் 3 செண்டிமீட்டர் குறைந்திருந்தது. மெஷின் அசையவேயில்லை, ஆனால் ரவிக்கை தளர்ந்திருந்தது. அதனால் நான்கு வாரச் சராசரியும் இடுப்பளவும் இரண்டுமே அசையாமல் நின்றால்தான் நான் சாப்பாட்டில் மாற்றம் செய்வேன். அப்போதும் முதலில் எண்ணெயை அளப்பேன். மதியச் சாப்பாட்டை வெட்ட மாட்டேன்.

இன்றோடு காவடி முடிந்து பத்து நாள். ஏறிய பிறகு வரிசையாக இறங்கியது 73.3, 72.9, 72.9, 72.2. நடுவில் ஒருநாள் தால் பூரி சாப்பிட்டு 72.6. இன்று காலை 71.2. காவடியன்று இருந்ததைவிடக் கீழே! நாத்தனாரும் காலையில் எண்ணை அனுப்பியிருக்கிறாள், அவளுக்கு 1.6 இறங்கியிருக்கிறது. மதியத்துக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பருப்பும் கீரையும் சோறும் என்றாள். மீதமிருந்த இன்னொரு பேட்டரியை இன்று சாயங்காலம் அவளிடம் கொடுக்கப் போகிறேன், அவள் மெஷினும் பழசுதான். அரிசி மூட்டையையும் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.