திரும்பி வராத நூலுக்காக ஒரு வழக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசியவர்கள் நேரத்தில் பாதியை வணக்கத்திலேயே செலவழித்துவிட்டு மணியடித்த பிறகு தவித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால், நேரே வழக்குக்கு வருகிறேன்.

சிந்தனையைத் தூண்டும் அடுத்த நூலை நமக்குக் காட்டுவது நண்பரின் பரிந்துரையா, நமது சொந்தத் தேடலா என்பது கேள்வி. நண்பரே என்பது எங்கள் அணி. எதிரணிப் பேராசிரியர், 1827இல் தொடங்கிய நம் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது, கையில் கைப்பேசி இருக்கிறது, நடுவில் நண்பன் எதற்கு என்று கேட்டார். அதோடு விட்டாரா? "இரவல் வாங்கிப் போன நூலையே திருப்பித் தராதவன் நண்பன், அவனா உங்களுக்கு அடுத்த நூலைக் கொண்டுவரப் போகிறான்?" என்றும் ஒரு போடு போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். காரணம் இருக்கிறது.

முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். அஞ்சல்காரர். ஊரார் கடிதங்களையெல்லாம் கதவு எண் பிசகாமல் சேர்த்தவர், என்னிடம் வாங்கிய ஒரு நூலை மட்டும் என்னிடம் சேர்க்கவே இல்லை. உழவர் வாழ்க்கையைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு அது. கேட்டால், "பாகூரில் நெல் பயிரிடும் ஒருவர் கையில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது" என்றார். பாகூருக்குப் போனேன். அவர் எனக்கு மோர் கொடுத்து, ஏரியைக் காட்டி, மதகின் கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, நூலைத் தம் மைத்துனர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு எடுத்துப் போய்விட்டார் என்றார். மஞ்சக்குப்பத்து மைத்துனரோ, "நீங்கள்தான் அந்தப் புத்தகத்துக்காரரா?" என்று என்னை ஏதோ எழுதிய ஆசிரியரைப் பார்ப்பது போலப் பார்த்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, அது நெல்லிக்குப்பம் போய் இப்போது பண்ருட்டியில் இருப்பதாகச் சொன்னார். நடுவர் அவர்களே, பண்ருட்டிக்கும் போனேன்! பலாப்பழ மண்டியில் கணக்கு நோட்டுக்கு அடியிலிருந்து என் நூலை வெளியே எடுத்தார் ஒரு வியாபாரி. கையை நீட்டினேன். "இன்னும் இரண்டு கட்டுரை பாக்கி இருக்கிறது ஐயா, முடித்துவிட்டு நானே அனுப்புகிறேன்" என்று சொல்லி, என் நீட்டிய கையில் ஒரு பலாப்பழத்தை வைத்து அனுப்பினார். நூலைத் தேடிப் போனவன் பலாப்பழத்தோடு பேருந்தில் திரும்பினேன். நடத்துநர் அதற்குச் சுமைக்கட்டணம் வேறு கேட்டார்.

ஆனால் அவர் சொன்னபடியே அனுப்பினார். பிரித்துப் பார்த்தேன். நெல் விலையைப் பற்றிய ஒரு பத்தியின் ஓரத்தில் நான் பென்சிலால் "உண்மை" என்று எழுதியிருந்தேன். அதன் கீழே பாகூர்க்காரர் "பாதி உண்மை" என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே மஞ்சக்குப்பம், "முழுப் பொய்." பண்ருட்டி வியாபாரி, இடம் போதாமல் பக்கத்தின் அடிவரை இறங்கி, "இதை எழுதியவர் ஒரு நாளாவது மண்டியில் வந்து நின்றிருக்க வேண்டும்" என்று முடித்திருந்தார். படித்து முடித்துவிட்டேன் என்று நான் நம்பியிருந்த நூலை அன்றிரவு மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதோடு, உழவைப் பற்றி நான் கேள்விப்பட்டே இராத வேறொரு நூலையும் அந்தப் பொட்டலத்தில் அந்த வியாபாரி வைத்திருந்தார். பேராசிரியர் அவர்களே, நூலகத்தின் அலமாரி இதைச் செய்யுமா? நேற்று நான் வாங்கியதைப் பார்த்து இன்று அதே போல் ஒன்றைக் காட்டும் கைப்பேசி இதைச் செய்யுமா?

சொந்தத் தேடல் நமக்குப் பிடித்ததைத்தான் தேடும். "இது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் படி" என்று சொல்லும் உரிமை நண்பனுக்குத்தான் உண்டு. நட்பை அளக்க ஓர் அளவுகோல் தேடிய வள்ளுவர், "நவில்தொறும் நூல்நயம் போலும்" என்று 783ஆம் குறளில் நூலைத்தான் எடுத்தார். அடுத்த குறளிலேயே, நட்பு "நகுதற் பொருட்டன்று", "மேற்சென்று இடித்தற் பொருட்டு" என்றார். இடிக்கிற நண்பன் கொடுக்கிற நூலும் இடிக்கத்தான் செய்யும். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று தம்மையே கேலி செய்துகொண்ட எழுத்தாளர் கி. ராஜநாராயணன், நம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தவர், 2021இல் மறையும்வரை இங்கே வாழ்ந்தவர். அவருக்கும் இடைசெவலில் கு. அழகிரிசாமி என்று ஒரு பால்ய நண்பர் இருந்தார். அந்த நண்பர் இவருக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன.

இன்னும் சில தரவுகள் வைத்திருந்தேன். அவை இருக்கட்டும். அந்த அஞ்சல்காரர் இப்போது இல்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அவருடைய மனைவி ஒரு கோடு போட்ட நோட்டைக் காட்டினார். நண்பர்கள் பெயர்கள் ஒரு பக்கம், அவரவருக்கு அடுத்து என்ன கொடுக்க வேண்டும் என்பது எதிர்ப் பக்கம். சிலவற்றுக்கு எதிரே "கொடுத்தாயிற்று" என்று குறித்திருந்தார். என் பெயருக்கு எதிரே இருந்தது, அவர் பலமுறை சொல்லியும் நான் வேண்டாம் என்று தள்ளிய ஒரு நூல். குறி போடவில்லை. "எடுத்து வைத்திருந்தார் தம்பி, நீங்கள் வாங்கிப் போகவே இல்லை" என்று அந்த அம்மா உள்ளே போய் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதி படித்திருக்கிறேன். அவரோடு சண்டை போட வேண்டிய இடங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. ஓரத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பை எப்படிச் சொன்னாலும் சரி. மேடையை விட்டு இறங்கியதும், எதிரணிப் பேராசிரியர் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்கப் போகிறேன், கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். நன்றி, வணக்கம்.