கதவு வரை போய்த் திரும்பியவன்

நண்பர்களே, வணக்கம். என் பெயரைச் சொல்லாமல் "ஒரு குடிநோயாளி" என்று மட்டும் அறிமுகப்படுத்தச் சொன்னேன். தலைவரும் அப்படியே செய்தார், நன்றி. குடியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பட்டம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுவார்களே, அப்படி ஒரு கூட்டத்துக்குள் முதன்முதலாக நுழைய நான் மூன்று தடவை போனேன். இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே தெரிந்த முகம் இருந்தால் என்ன செய்வது என்ற பயம். அந்தத் தெரிந்த முகமும் அதே காரணத்துக்காகத்தானே அங்கே உட்கார்ந்திருக்கும்? அது அப்போது தோன்றவில்லை. மூன்றாவது தடவை வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப்பார்த்து, "தம்பி, நாற்காலி போடணும், ஒரு கை கொடுங்க" என்றார். போட்டேன். போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்தும் விட்டேன்.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய வேலையில்லை. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, தன் இணையதளத்திலேயே கூட்டங்களின் பட்டியலைத் தருகிறது. மீட்டிங் கைடு என்ற செயலியும் இருக்கிறது. இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. பட்டியலில் "திறந்த கூட்டம்" என்றிருந்தால் யாரும் போகலாம், மனைவியோ அண்ணனோ கூட வரலாம். "மூடிய கூட்டம்" என்பது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். உறுப்பினராக வேண்டிய தகுதியும் அந்த ஆசை ஒன்றுதான். கட்டணம் கிடையாது. நடுவில் உண்டியல் வரும், புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. வெளியார் நன்கொடையை ஏஏ வாங்குவதில்லை, செலவை உறுப்பினர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

உள்ளே போனால் பேசியே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். "இன்னைக்குக் கேட்க வந்தேன்" என்றால் போதும், அடுத்தவரிடம் முறை போய்விடும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே அறிவுரை சொல்லக் கூடாது என்பது பெரும்பாலான கூட்டங்களில் வழக்கம். வீட்டில் வருஷக்கணக்காக அறிவுரை கேட்டுக் காது புளித்துப் போனவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் கூட்டத்தைக் கேட்ட உற்சாகத்தில் அன்றிரவே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். கை நடுக்கத்தோடு நிற்காமல் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர். கூட்டம் மருந்துக்குப் பதில் இல்லை.

"கடவுள் கடவுள் என்கிறார்களே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், உண்மைதான். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்றுதான் எழுதியிருக்கிறது. அதுவும் ஒட்டவில்லையென்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது, அங்கே சாமி பேச்சே இல்லாமல் மனப்பயிற்சி வழியாகப் போகிறார்கள். பெண்களுக்கென்றே 1975-இல் வந்த விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. குடிப்பவரின் குடும்பத்துக்கு அல்-அனான். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் அந்த அறை பிடிக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு கூட்டமாவது வேறு வேறு இடங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

இதெல்லாம் உண்மையில் பலிக்கிறதா என்று கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏ கூட்டங்களுக்கு முறையாக வழிகாட்டி அனுப்பும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தது.

சரி, நாற்காலி போடச் சொன்னவரிடம் வருகிறேன். கூட்டம் முடிந்ததும் தன் போன் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். நான்கு நாள் அதைப் பையிலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி தாங்க முடியாமல் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "கூப்பிட்டதுக்கு நன்றி" என்றார் அவர். உதவி கேட்டவன் நான், நன்றி சொல்வது அவரா? கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன்.

பிற்பாடுதான் ஏஏவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் கதை தெரிந்தது. 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் நகரம். வந்த வியாபாரம் கவிழ்ந்துவிட்டது. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. தங்கிய ஹோட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. தேவாலயங்களைக் கூப்பிட்டு, பேச ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரிக்கிறார். அடுத்தவரைத் திருத்துவதற்காக இல்லை, தான் குடித்துவிடாமல் இருப்பதற்காக! அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். பதினைந்து நிமிஷம் தருகிறேன் என்று வந்தவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

அதனால், போனால் பாரமாக இருப்போமோ என்று யோசிக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு நீங்கள் தேவை.

தனியாகப் பேச வேண்டும் என்பவர்களுக்காக மேடைக்குப் பின்னால் இருப்பேன். பேசப் பிடிக்காதவர்கள் சும்மா வாருங்கள். இந்த நாற்காலிகளை மடக்க ஆள் வேண்டும்.