வாயு மாத்திரை கேட்டு வருபவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தேனி மாவட்டம் கம்பம் ஊரில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்தி வருகிறேன். நான் மனநல மருத்துவர் அல்லன். மனம் நொந்த ஆண்கள் பலர் முதலில் வந்து நிற்பது எங்கள் கடை வாசலில்தான் என்பதால் பேசத் துணிந்தேன்.

கவலை என்று அவர்கள் சொல்வதில்லை. 'வாயு அடைக்குது', 'பிடரி வலிக்குது' என்பார்கள். (நெஞ்சு அடைத்தால் முதலில் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.) ஏலக்காய்த் தோட்டக் குத்தகைக்காரர் ஒருவர் ஒரு மழைக்காலத்தில் வாரம் இருமுறை வாயு மாத்திரை வாங்க வந்தார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பின்னும் போகாமல், கண்ணாடி மேசையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தபடியே நிற்பார். நான்காம் முறை, "வீட்ல எல்லாரும் சௌக்கியமாண்ணே?" என்று கேட்டேன். "வீட்டுக்குத் தெரியாதுண்ணே" என்றார். எது என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

2019 ஆகஸ்டில் குமுளிக்கு அப்பால், கேரளத்துப் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், 2022இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியபோது, ஏறிய விலையை நம்பிக் குத்தகை பேசி, உரத்துக்கும் மருந்தடிப்புக்கும் வட்டிக்கு வாங்கியவர்களின் கடன் மட்டும் இறங்கவில்லை. மனைவியின் நகை அடகில் இருப்பதை அவளுக்கே சொல்லாமல், சம்பாதிப்பவன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நடமாடுவது எத்தனை பெரிய சுமை என்பதை அன்றுதான் அருகிலிருந்து பார்த்தேன்.

மனச்சோர்வு ஆண்களிடம் பல வேளைகளில் அழுகையாக வராமல் எரிச்சலாகவும் உடல்வலியாகவும் குடியாகவும் வருவதால், வீட்டார் அவரை மூர்க்கன் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தூக்கத்துக்கென்று குடிக்கும் மதுவோ உள்ள தூக்கத்தையும் கெடுக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். விடியுமுன் கூலி வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறவர்களை நாள்தோறும் பார்க்கும் எனக்கு இது வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரள எல்லைச் செக்போஸ்டுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் அதே எண்தான். குத்தகைக்காரரிடமும் அதைச் சொன்னேன். மாத்திரைக் கவரின் பின்புறம் எழுதித் தரச் சொன்னார். போனில் பதிந்தால் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களாம்.