பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய துப்பாக்கிக்கு இவ்வளவு விலையா?

[திரையில்: மரப்பெட்டி திறக்கிறது. உள்ளே கிரீஸ் அப்பிய 20 துப்பாக்கிகள்.]

இருபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை 100 டாலருக்கும் குறைவாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நல்ல ஷூவே அதைவிட விலை கூட. இன்றைக்கு அதே சாமானுக்கு 300, 400 டாலர் கேட்கிறார்கள். இதன் பின்லாந்துப் பங்காளி நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் பக்கம் போகிறது. அதிலும் ஒரு சிலதுக்குத் தனி மவுசு. காரணம் துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது, காட்டுகிறேன்.

பெயர் மோசின் நாகாண்ட். 1891-ல் ரஷ்யப் படைக்கு வந்தது, இரண்டு உலகப் போரையும் பார்த்தது, மொத்தம் 3.7 கோடி செய்ததாகச் சொல்வார்கள். வரலாறு முடிந்தது, தூங்கிவிடாதீர்கள்.

சோவியத் யூனியன் உடைந்ததும் கிடங்கில் கிடந்தவை கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. துருப்பிடிக்காமல் இருக்க காஸ்மோலின் என்ற கிரீஸைப் பூசியிருந்தார்கள். பழனி பஞ்சாமிர்தத்தைக் கொட்டிப் பத்து வருடம் காய வைத்தது மாதிரி பிசுபிசுப்பு! வாங்கியவர்கள் வெந்நீர் ஊற்றினார்கள், வெயிலில் போட்டார்கள். சரி, அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மலிவான சாமான்தானே என்று பலர் கட்டையை அறுத்தார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தார்கள். பழைய காசைப் புளி போட்டுப் பளபளப்பாக்கிவிட்டு நாணயக் கடைக்குக் கொண்டு போவோமே, அதே கதைதான். சேகரிப்பவர் அதைத் தொடக்கூட மாட்டார். கெடுக்காமல் விட்டது குறைந்துகொண்டே வந்தது. புதுச் சரக்கு வருவதும் நின்றது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

இப்போது எனக்குப் பிடித்த கட்டம். பின்லாந்துக்காரர்கள் கொஞ்சம் சிக்கனக்காரர்கள். ரஷ்யாவிடமிருந்து பிடித்தது, வெளியில் வாங்கியது என்று கிடைத்த மோசினையெல்லாம் பிரித்து, தங்கள் குழலையும் கட்டையையும் போட்டுப் புதுத் துப்பாக்கி ஆக்கினார்கள். எம்39 என்பது அப்படிப் பிறந்ததுதான். ஆனால் ரிசீவர், அதாவது குழல் திருகி உட்காரும் நடு உடம்பு, அதை மட்டும் அவர்கள் செய்யவே இல்லை. பழைய ரஷ்ய ரிசீவரையே வைத்துக்கொண்டார்கள்.

[திரையில்: திருகைக் கழற்றுகிறோம். கட்டை பிரிகிறது.]

ரிசீவரின் பின்பக்க வாலில் ஒரு வருடம் தெரிகிறதா? 1897! குழலில் 1942 என்று அடித்திருக்கிறது. சண்டை போட்டது இரண்டாம் உலகப் போரில். ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டம் ரிசீவரைத்தான் துப்பாக்கி என்கிறது. 1898 அல்லது அதற்கு முன்னால் செய்திருந்தால் அது பழம்பொருள். துப்பாக்கிக்கான மத்தியச் சட்டக் கெடுபிடி அதற்குப் பெரும்பாலும் கிடையாது. மாநிலச் சட்டம் வேறு விஷயம். ஆக, அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு எம்39-ல் ஒன்றுக்குக் கூடுதல் விலை. வித்தியாசம் கட்டைக்குள் கிடக்கும் நாலு இலக்கம்! அதனால் விற்பவர் அந்த வாலைப் படம் எடுத்துப் போடுகிறார். பெண் பார்க்கும்போது ஜாதகம் கேட்கிற மாதிரி, வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்கிறார்.

அப்புறம் இன்னொரு கூத்து. முதல் உலகப் போரில் ஜார் அரசு இதே துப்பாக்கிக்கு அமெரிக்காவின் ரெமிங்டனிடமும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸிடமும் ஆர்டர் கொடுத்தது. 1917-ல் புரட்சி, ஜார் போய்விட்டார், சரக்கு தேங்கியது. மிச்சத்தை அமெரிக்க அரசே வாங்கி, வடக்கு ரஷ்யாவுக்கு அனுப்பிய தன் சிப்பாய்கள் கையில் கொடுத்தது. அமெரிக்காவில் செய்த ரஷ்யத் துப்பாக்கியோடு அமெரிக்கர்கள் ரஷ்யாவுக்கே போனார்கள்! அந்த இரண்டு கம்பெனி முத்திரை உள்ளவற்றுக்கும் இன்று தனி ரசிகர் கூட்டம்.

இங்கே தேடிப் போகாதீர்கள் தம்பிகளா, 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் தொட்டால் கம்பிதான். பரணில் தாத்தாவின் பித்தளைச் சாமான் ஏதாவது கிடந்தால் கவிழ்த்து அடியில் பாருங்கள். என்ன முத்திரை இருந்தது என்று கமென்டில் போடுங்கள். புளி மட்டும் போட்டுவிடாதீர்கள்!