காசு இருந்தும் ஏன் விமானத்துல போகல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

‘படகுக்காரனுக்குக் குடுக்குற காசுல விமான டிக்கெட்டே எடுக்கலாமே, ஆப்பிரிக்காக்காரங்க ஏன் சார் ஐரோப்பாவுக்குப் போறேன்னு கடல்ல போய்ச் சாகறாங்க?’ன்னு திருச்சியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. நியாயமான கேள்விதான்.

டிக்கெட் எடுத்துடலாம் தம்பி. ஆனா விசா இல்லாம ஏத்த மாட்டான், ஏத்தினா விமானக் கம்பெனிக்கு அபராதம். விசா யாருக்குக் குடுப்பான்? பேங்க்ல பணம், நிலையான வேலை, ஊருக்குத் திரும்பிடுவேன்னு காட்ட ஆதாரம் இருக்கறவனுக்கு. அதெல்லாம் இருந்தா அவன் ஏன் கிளம்பப் போறான்? மறுத்துட்டா விசாவுக்குக் கட்டின 90 யூரோவும் போச்சு.

மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற செனகலையே எடுத்துக்குவோம். அங்க படகு ஏறுறவங்கள்ல நிறையப் பேர் மீனவங்க. ம்பூர், கயார் பக்கமெல்லாம் ஏழைபாழைங்க சாப்பாடே நம்ம சாளை ஜாதி மீன்தான். வெளிநாட்டு டிராலர் ஒரு பக்கம் அள்ளுது. இன்னொரு பக்கம் கரையிலயே மீன்மாவு ஃபேக்டரி. ஒரு கிலோ மாவுக்கு நாலஞ்சு கிலோ மீன் போயிடும், அந்த மாவு எங்கயோ இருக்கற பண்ணை மீனுக்குத் தீவனம். உள்ளூர்லயும் படகு ஏகத்துக்குப் பெருகிடுச்சு, அதையும் மறைக்கக் கூடாது. ஆக படகு இருக்கு, இன்ஜின் இருக்கு, கடல் தெரியும், மீன்தான் இல்ல. ஆளை ஏத்த ஆரம்பிச்சுட்டான். ஓட்டுறவன் எல்லாம் பெரிய மாஃபியான்னு நினைச்சுக்காதீங்க. பல நேரம் காசு குடுக்காம தானும் போய்ச் சேரலாம்னு ஒத்துக்கிட்ட மீனவன்தான். ஸ்பெயின்ல இறங்கினதும் கடத்தல்காரன்னு உள்ள போறவனும் அவன்தான்.

சரி, ஆபத்து. செனகல் தலைநகர் டாக்கர்ல இருந்து, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளுக்குச் சுமார் 1500 கிலோமீட்டர். கரையோரமா போனா ரோந்துல மாட்டிக்குவோம்னு ஆழ்கடலுக்கு விலகிப் போறாங்க. அதனாலதான் மேற்குக் கோடியில இருக்கற குட்டித் தீவு எல் ஹியர்ரோவுல அத்தனை படகு வந்து நிக்குது. அதையும் தவற விட்டா அமெரிக்கா வரைக்கும் வெறும் தண்ணிதான். காத்தும் நீரோட்டமும் மேற்கதான் தள்ளும்.

2023 ஜூலை 10 அன்னிக்கு செனகல்ல ஃபாஸ் போயேங்கற மீனவ கிராமத்துல இருந்து 101 பேரோட ஒரு படகு கிளம்புச்சு. ஆகஸ்ட் மத்தியில கேப் வெர்டேங்கற தீவு நாட்டுப் பக்கம் ஸ்பெயின் மீன்பிடிக் கப்பல் ஒண்ணு கண்டுபிடிச்சப்ப உயிரோட இருந்தவங்க 38 பேர். படகு கவிழல, முழுகல. பெட்ரோல் தீரும், அப்புறம் சாப்பாடு, அப்புறம் குடிதண்ணி. தாகம் தாங்காம உப்புத்தண்ணி குடிச்சா புத்தி பேதலிச்சுக் கடல்ல குதிச்சிடுவாங்க. 2021ல பக்கத்து நாடான மொரிட்டேனியாவுல கிளம்பின படகு ஒண்ணு சடலங்களோட டொபாகோ பக்கம் மிதந்துச்சு. அது கரீபியன் தீவு, பார்த்துக்குங்க!

‘விழிப்புணர்வு குடுத்தா போதாதா?’ன்னும் கேட்டிருக்காரு. கடல்லயே பொறந்து வளர்ந்தவனுக்கு அலையைப் பத்தி நாம என்ன சொல்லித் தர்றது? 2024ல மட்டும் கேனரிக்கு 46,000 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. சேர்ந்தவன் அனுப்புற பணத்துல எழும்புற மாடிவீடு தெருவுல எல்லார் கண்ணுக்கும் தெரியும். செத்தவன் வீட்டுக்குத் தகவலே வராது, ஃபோன் வரும்னு காத்துக்கிட்டே இருப்பாங்க.

லிபியா வழியா போறதைப் பத்தி ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அது வேற கதை, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.